படகு நிற்க ஓர் இடம்

சென்னைக் கலங்கரை விளக்கத்தைத் தாண்டித் தெற்கே பட்டினப்பாக்கம் நோக்கிப் போகிறது லூப் ரோடு. அதில் காலை நேரத்தில் போகிறவர்களுக்கு ஒரு பக்கம் அடுக்குமாடிக் குடியிருப்புகளும் மறுபக்கம் வரிசையாகப் படகுகளும் தெரியும். நடுவில் வாகனங்கள் விரையும் சாலை. நொச்சிக்குப்பம், முள்ளிக்குப்பம் எல்லாம் என்றைக்கும் இப்படித்தான் இருந்தன என்று நகரத்துக்குப் புதிதாக வந்தவர்கள் நினைப்பார்கள். ஐம்பது ஆண்டுகளுக்கு முன் அங்கே குடிசைக்கும் கடலுக்கும் நடுவே மணல்தான் இருந்தது. அந்த மணலில்தான் மீனவரின் வண்டி நின்றது. வீட்டு வாசலில் நாம் ஸ்கூட்டரை நிறுத்துவதுபோல அவர்கள் கட்டுமரத்தை நிறுத்தினார்கள்.

நிறுத்தினார்கள் என்பதைவிட அவிழ்த்துப் போட்டார்கள் என்பது சரி. கட்டுமரம் நாலைந்து கட்டைகளைக் கயிற்றால் பிணைத்த கலம். கடலில் ஊறிய கட்டை கனக்கும்; காயவிடாவிட்டால் மறுநாள் தண்ணீரில் அமிழ்ந்து ஓடும். அதனால் கரைக்கு வந்தவுடன் கயிற்றை அவிழ்ப்பார்கள். கட்டைகளைத் தனித்தனியாகத் தோளில் சுமந்து மேட்டு மணலில் கொண்டுபோய்ப் போடுவார்கள். மாலைக்குள் வெயில் ஈரத்தை இழுத்துவிடும். விடியுமுன் மறுபடி பிணைத்துத் தள்ளிக்கொண்டு போவார்கள். ஒரு குடும்பத்தின் கலம் முழுவதும் ஒரு திண்ணை அளவு இடத்தில் அடங்கிவிடும். குடிசையிலிருந்து பார்த்தால் அது கண்ணெதிரே கிடக்கும்.

அந்தக் கரையில் எவரும் கோடு போட்டு இடம் பிரிக்கவில்லை. பலகையும் எண்ணும் கிடையாது. ஆனாலும் யார் மரம் எங்கே கிடக்கும் என்பது ஊருக்குத் தெரியும். அப்பா போட்ட இடத்தில் மகன் போடுவான். இரண்டு பேர் மரங்களுக்கு நடுவே மூன்றாமவன் கடலுக்குப் போக வழி விட்டிருப்பார்கள். வலை காயப்போட்ட இடத்தைச் சுற்றிக்கொண்டுதான் நடப்பார்கள், மிதித்துக்கொண்டு போகமாட்டார்கள். செருப்போடு மரத்தில் ஏறுவது பெரிய குற்றம். அலையில் அடிபட்டுக் கரையேறுகிறவனைக் கண்டால், அவன் உறவா பகையா என்று பாராமல் கை கொடுப்பார்கள். கை கொடுத்தவன் வெறுங்கையோடு வீட்டுக்குப் போகமாட்டான், நாலு மீனாவது கிடைக்கும். புயல் நேரத்தில் வேற்றூர் மரம் ஒதுங்கினால் இடமில்லை என்று சொல்லும் வழக்கம் எந்தக் குப்பத்திலும் இல்லை. தகராறு வந்தால் ஊர்ப் பஞ்சாயத்து கூடித் தீர்க்கும். போலீஸ் நிலையம் வரை போவது ஊருக்கே அவமானம்.

இந்த ஏற்பாட்டில் இன்னொரு நுட்பம் உண்டு. நகரத்துக் கண்ணுக்கு இன்றுவரை பிடிபடாத நுட்பம் அது. கடற்கரை ஆண்டு முழுவதும் ஒரே அகலத்தில் இருப்பதில்லை. ஐப்பசி, கார்த்திகையில் வாடைக் காற்றோடு கடல் ஏறி மணலை அரித்துக்கொண்டு போகும். அப்போது கலங்கள் எல்லாம் குடிசைக்குப் பக்கத்தில், மேட்டுக்கு, வந்துவிடும். தை, மாசிக்குப் பிறகு மணல் திரும்பும். கலங்களும் கடலை நோக்கி இறங்கும். ஆகவே படகு நிறுத்தும் இடம் என்பது ஒரு புள்ளியன்று, ஒரு பட்டை. அந்தப் பட்டையின் மேல்பாதி ஆண்டில் பல மாதங்கள் வெறிச்சென்றுதான் கிடக்கும். அதிகாரி ஒருவர் சித்திரையில் வந்து பார்த்தால் "சும்மா கிடக்கிற புறம்போக்கு" என்று எழுதிக்கொண்டு போவார். கார்த்திகையில் வந்து பார்த்தால் அப்படி எழுத அவருக்கு மனம் வராது.

கலம் மாறத் தொடங்கியது 1980களில். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு 1979-ல் தொடங்கிய வங்காள விரிகுடாத் திட்டம், துறைமுகம் இல்லாத கரைகளில் அலையைத் தாண்டி நேராக மணலில் ஏறக்கூடிய படகுகளை வடிவமைத்துச் சோதித்துப் பார்த்தது. பிறகு வெளியில் மாட்டும் இஞ்சினும் கண்ணாடியிழைப் படகும் மெல்ல மெல்லக் குப்பங்களுக்குள் வந்தன. மீனவர் நாக்கில் அது பைபர் போட்டு. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி கரையிலிருந்த கட்டுமரங்களையும் படகுகளையும் நொறுக்கிப்போட்டது. நிவாரணமாக அரசும் தொண்டு நிறுவனங்களும் கொடுத்தவை பெரும்பாலும் பைபர் படகுகள். கட்டுமரத்தை மட்டுமே நம்பியிருந்த குடும்பங்கள் பல அதன்பிறகு படகுக்கு மாறின. பல ஊர்களில் சுனாமிக்கு முன் இருந்ததைவிட அதிகப் படகுகள் கரைக்கு வந்து சேர்ந்தன.

கரை மட்டும் நீளவில்லை.

பைபர் படகை அவிழ்க்க முடியாது. 25, 30 அடி நீளத்தில் ஒரே உடம்பு. எட்டுப் பத்துப் பேர் தோள் கொடுத்தாலும் ஈர மணலில் லேசில் நகராது. பல ஊர்களில் இப்போது டிராக்டர்தான் இழுக்கிறது. டிராக்டர் திரும்ப இடம் வேண்டும். ஒரு படகைக் குறுக்கே விட்டால் பின்னால் இருக்கும் ஐந்து படகுகள் கடலுக்குப் போக முடியாது. கட்டுமரக் காலத்தில் வழி மறித்தவன் மரத்தைத் தூக்கி நகர்த்திவிட்டு நம் வேலையைப் பார்க்கலாம். இப்போது அவன் வரும்வரை காத்திருக்க வேண்டும், அவன் எழுந்து வராவிட்டால் அன்றைய பாடு போச்சு. ஐஸ் பெட்டி, டீசல் கேன், மூட்டை மூட்டையாக நைலான் வலை என்று படகோடு சேர்ந்த சாமான்களும் பெருகிவிட்டன. பழைய மரியாதைகள் இந்தக் கனத்துக்குப் போதவில்லை என்பது உண்மை. ஆனால் அவை ஒழிந்துவிடவில்லை, மாறியிருக்கின்றன. படகின் மூக்கு கடலைப் பார்க்க வேண்டும், டிராக்டர் தடத்தில் யாரும் நிறுத்தக் கூடாது, பழுதான பழைய படகைப் பின்வரிசைக்குத் தள்ள வேண்டும் என்பதெல்லாம் ஊர் தானாகப் பேசி வைத்துக்கொண்ட ஏற்பாடுகள். நம் அபார்ட்மெண்ட் சங்கங்களில் இரண்டு கார்களுக்கு நடுவே இடம் பிரிக்க எத்தனை கூட்டம், எத்தனை மனக்கசப்பு என்று அறிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய காரியம் என்று புரியும்.

படகு கனத்த அதே காலத்தில் வீடு மேலே போய்விட்டது. 1970-ல் தொடங்கிய குடிசை மாற்று வாரியம் கடலோரக் குப்பங்களில் அடுக்குவீடுகளைக் கட்டியது. அவற்றில் பல இடிந்து, இடிக்கப்பட்டு, இன்று இன்னும் உயரமான கட்டடங்கள் எழுந்திருக்கின்றன. மழைக்கு ஒழுகாத கூரையும் கழிப்பறையும் மின்சாரமும் பெரிய விஷயங்கள். அவற்றைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. ஆனால் வரைபடம் போட்டவர்கள் அங்கே குடியேறப் போகிறவர் என்ன தொழில் செய்கிறார் என்பதை மறந்துவிட்டார்கள். மாடி வீட்டுக்காரர் இஞ்சினை எங்கே வைப்பார்? தோளில் தூக்கிக்கொண்டு தினமும் படியேற முடியுமா? ஈர வலையைப் பால்கனியில் காயவைக்க முடியுமா? அதனால் வலை சாலையோரத்தில் கிடக்கிறது. இஞ்சின் பிளாஸ்டிக் தாள் சுற்றிக் கட்டடத்தின் அடியில் கிடக்கிறது. கார் நிறுத்த எவ்வளவு இடம் விட வேண்டும் என்று கட்டட விதிகளில் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறோம். வலையும் இஞ்சினும் வைக்க இத்தனை அடி என்று ஒரு வரி எழுதத் தோன்றவில்லை.

நகரம் இந்தப் படகுகளை எப்படிப் பார்த்தது என்பதற்கு 1985 ஓர் அழியாத சாட்சி. மெரினாவை அழகுபடுத்த வேண்டும் என்று எம்.ஜி.ஆர். அரசு முடிவெடுத்தது. கடற்கரையிலிருந்த கட்டுமரங்களையும் வலைகளையும் அப்புறப்படுத்த ஆட்கள் வந்தார்கள். மீனவர்கள் எதிர்த்தார்கள். அந்த ஆண்டின் இறுதியில் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடந்து மீனவர்கள் உயிரிழந்தார்கள். கலத்தை அதன் இடத்தில் நிறுத்தும் உரிமைக்காக இந்த ஊரில் ரத்தம் சிந்தியிருக்கிறது. மெரினாவில் அத்தனை சிலைகள் இருக்கின்றன. இதைச் சொல்லும் சிலை அவற்றில் ஒன்றுகூட இல்லை.

பிறகு வந்தது சாலை. சாந்தோம் நெடுஞ்சாலையின் நெரிசலைக் குறைக்க லூப் ரோடு பொதுப் போக்குவரத்துக்குத் திறக்கப்பட்டது. வீட்டுக்கும் படகுக்கும் நடுவே நகரத்தின் அவசரம் ஓடத் தொடங்கியது. சாலையோரத்தில் மீன் விற்ற பெண்கள் போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று பேச்சு வந்தது. 2023 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கெடுத்தது, கடைகளை மாநகராட்சி அகற்றியது, குப்பங்கள் கொதித்தெழுந்தன. 2024 ஆகஸ்டில் நொச்சிக்குப்பத்தில் நவீன மீன் அங்காடி திறக்கப்பட்டது. அங்காடி வந்தது நல்லதே. ஆனால் மீனவர்கள் அப்போது கேட்ட கேள்விக்குப் பதில் வரவில்லை. யார் யாருடைய வழியில் நிற்கிறார்கள் என்பதுதான் அந்தக் கேள்வி. சாலை வருவதற்கு முன்பே படகு அங்கே நின்றது. படகின் முற்றத்தில்தான் சாலை வந்து புகுந்திருக்கிறது. இதில் என் கட்சி மீனவர் கட்சி, அதை மறைக்க விரும்பவில்லை.

மணல் போனால் என்ன ஆகும் என்பதைப் பார்க்க வெகுதூரம் போக வேண்டாம். சென்னைத் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்களைக் கட்டும் வேலை 1876-ல் தொடங்கியது. நம் கரையில் மணல் ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகரும். சுவர் அதை மறித்தது. தெற்கே சேர்ந்த மணல்தான் இன்று நாம் காற்று வாங்கும் மெரினாவின் அகலம். வடக்கே ராயபுரத்திலிருந்து கடல் மணலைத் தின்றது, தெருக்களைத் தின்றது, கடைசியில் பாறாங்கற்களைக் கொட்டித் தடுக்க வேண்டியதாயிற்று. கல் கொட்டிய கரையில் படகு ஏறாது. வாசலில் கலம் நிறுத்திய வடசென்னைக் குப்பத்து மக்களில் பலர் இன்று காசிமேடு துறைமுகத்தின் நெரிசலில் இடம் தேட வேண்டியிருக்கிறது. அல்லது சொந்தப் படகை விட்டு இன்னொருவர் விசைப்படகில் கூலிக்குப் போக வேண்டியிருக்கிறது. படகு நிற்கும் இடம் போனால் தொழிலின் உரிமையாளர் கூலியாளாகிறார்.

சட்டத்தில் வழி இல்லாமல் இல்லை. கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, மீனவ ஊர்களையும் அவர்களுடைய பொது இடங்களையும் வரைபடத்தில் குறிக்கச் சொல்கிறது. படகு நிறுத்துவது, வலை உலர்த்துவது, மீன் காயவைப்பது எல்லாம் அந்தப் பொது இடங்களில் நடப்பவைதான். தமிழ்நாட்டின் வரைபடங்களில் இவை சரியாகக் குறிக்கப்படவில்லை என்று மீனவர் அமைப்புகள் தொடர்ந்து சொல்லி வருகின்றன. வரைபடத்தில் இல்லாத இடம் அடுத்த பூங்காவுக்கோ நடைபாதைக்கோ மேம்பாலத் தூணுக்கோ போய்விடும் என்ற அவர்களுடைய பயம் வீண் பயமன்று. கலங்கரை விளக்கத்திலிருந்து கொட்டிவாக்கம் வரை கடலோரமாக மேம்பாலச் சாலை போடும் யோசனை எத்தனை முறை அடங்கி எழுந்திருக்கிறது என்பதை அவர்கள் மறக்கவில்லை.

இந்த இடங்களை வரைபடத்தில் குறிக்கும்போது சித்திரை மணலை மட்டும் அளக்காதீர்கள் என்பதே அதிகாரிகளிடம் என் வேண்டுகோள். புயல் எச்சரிக்கை வரும் நாளில் ஒவ்வொரு குப்பத்துக்கும் போய், படகுகளை எதுவரை இழுத்து வைக்கிறார்கள் என்று பாருங்கள். அந்தக் கடைசிப் படகின் வால் எங்கே நிற்கிறதோ அங்கே எல்லையைப் போடுங்கள். அடுக்குமாடிகளின் தரைத்தளத்தில் வலைக்கும் இஞ்சினுக்கும் பூட்டுப்போட்ட அறைகளைக் கட்டிக்கொடுங்கள்.

கடற்கரைக்கு வரும் நம்மிடமும் கேட்க வேண்டியது உண்டு. படகு நிழலில் உட்கார்ந்து குடித்துவிட்டு உடைத்துப்போடும் பாட்டில், விடியற்காலையில் வெறுங்காலோடு படகு தள்ளுகிறவரின் பாதத்தில்தான் ஏறுகிறது. படம் எடுப்பதற்காகச் செருப்போடு ஏறி நிற்கிற படகு ஒருவர் கும்பிட்டுவிட்டு ஏறுகிற படகு. டிராக்டர் இறங்கும் தடத்தை மறித்துக் காரை நிறுத்திவிட்டுப் போனால் ஒரு வீட்டின் அன்றைய வருமானத்தை மறித்துவிட்டுப் போகிறோம். மாலை நடைக்கு வரும்போது விரித்த வலையைச் சுற்றிப் போங்கள். காலையில் லூப் ரோட்டில் போகும்போது வேகத்தைக் குறையுங்கள். நீங்கள் அப்போது ஓர் ஊரின் முற்றத்தைக் கடந்துகொண்டிருக்கிறீர்கள்.