பாசி உண்மை, தேதிதான் தப்பு

குற்றாலத்தில் "பாத்துப் போங்க, வழுக்கும்" என்று சொல்லாத ஆள் கிடையாது. வழுக்குவது பாறை இல்லை, மேலே படர்ந்த பாசி. ஐந்தருவியில் ஒருதடவை நான் விழுந்து எழுந்தபோது வந்த கேள்வி: பாசி இனங்கள் பூமியில் எவ்வளவு காலமா இருக்கு?

விடையை குற்றாலப் பாறையில் தேட முடியாது. அது பூமிக்கடியில் ஆழத்தில் கடும் வெப்பத்தில் வெந்த பாறை. புதைபடிவம் எதுவும் அதில் தப்பாது. நாம் போக வேண்டிய இடம் உ.பி., ம.பி. எல்லையில் உள்ள சித்ரகூடம். அங்கே இருப்பது விந்தியப் படிவுப் பாறைகள். பழைய ஆழமற்ற கடலின் அடித்தளம், பெரிதாக வேகாமல் அப்படியே இருக்கு.

1998-இல் டேராடூன் வாடியா நிறுவனத்தைச் சேர்ந்த ரஃபத் ஆஸ்மி, விந்தியப் பாறையில் நுண்ணிய புதைபடிவங்கள் கிடைத்ததாக எழுதினார். அவர் அவற்றைக் கேம்ப்ரியன் கால உயிர்கள் என்றார், அதாவது சுமார் 54 கோடி ஆண்டு. பெரிய சர்ச்சை கிளம்பியது. ஏனென்றால் அந்தப் பாறை அதைவிட மிகப் பழையது என்பது பலரின் கருத்து.

2002-இல் விந்தியத்தின் கீழ் அடுக்குகளில் இருந்த எரிமலைச் சாம்பலைச் சோதித்தார்கள். அதிலுள்ள சிர்கான் படிகம் உருவாகும்போது யுரேனியத்தை ஏற்கும், காரீயத்தை ஏற்காது. யுரேனியம் சிதைந்து காரீயமாகும் விகிதம் தெரியும், எனவே அது ஒரு கடிகாரம். அது காட்டிய வயது சுமார் 163 கோடி!

அப்போ ஆஸ்மி பார்த்தது என்ன? ஸ்வீடனின் ஸ்டெஃபான் பெங்ட்சன் குழு சித்ரகூடத்துப் பாறையை ஆராய்ந்து 2009-இல் பதில் சொன்னது: புதைபடிவங்கள் உண்மை, வயதுதான் நூறு கோடி ஆண்டுக்கும் மேல் தப்பு. புதைபடிவம் இருந்த அதே பாஸ்பேட் பாறையை அளந்ததில் வந்தது 165 கோடி, முன்பின் 8.9 கோடி. எங்க தொழில் பாஷையில் சொன்னால், லாக் சரி, டைம்ஸ்டாம்ப் தப்பு. பக் ரிப்போர்ட்டையே குப்பையில் போட்டிருந்தால் பெரிய இழப்பாகியிருக்கும்.

2017-இல் அதே குழு, புதைபடிவங்களை உடைக்காமல் சின்க்ரோட்ரான் எக்ஸ்-கதிரால் உள்ளே பார்த்தது. செல்கள் வரிசையாகக் கோத்த இழை ஒன்று. ஒவ்வொரு செல்லுக்குள்ளும் தட்டுப் போன்ற ஒரு பொருள். பசுங்கணிகத்தின் பகுதியாக இருக்கலாம். இரண்டாவது, செல்கள் நெருங்கி அடுக்கிய சதைப்பற்றான உடல். இரண்டும் சிவப்புப் பாசி போலவே இருக்கு. முதலாவதுக்கு 'ரஃபத்தாஸ்மியா' என்று ஆஸ்மியின் பெயர், இரண்டாவதுக்கு 'ராமதாலஸ்' என்று சித்ரகூடத்து ராமர் பெயர்.

அதற்குமுன் பழையதாகக் கருதப்பட்ட சிவப்புப் பாசி கனடாவின் பாங்கியோமார்ஃபா. அதை 120 கோடி என்று நினைத்தார்கள், பிறகு அதுவும் 105 கோடியாகக் குறைந்தது.

இது ஏன் முக்கியம்? சிவப்புப் பாசி பல செல் உயிர் மட்டுமில்லை. அதன் மூதாதைச் செல் ஒன்று, ஒளிச்சேர்க்கை செய்யும் பாக்டீரியாவை விழுங்கிப் பசுங்கணிகமாக மாற்றி வைத்துக்கொண்டது. 160 கோடி ஆண்டுக்கு முன்பே சிவப்புப் பாசி இருந்தால், அந்த விழுங்கலும், நம் செல் வகையின் தோற்றமும் அதற்கும் முன்னால் நடந்திருக்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. இத்தனை பழைய பாறையில் டிஎன்ஏ மிஞ்சாது. சிவப்புப் பாசி என்பது உருவத்தை வைத்துச் செய்த ஊகம்தான், எல்லோரும் ஏற்கவில்லை. ஆனாலும் பல செல்களாகக் கூடி வாழும் பழக்கம் அவ்வளவு பழையது என்பதற்கு நம் நாட்டுப் பாறை சாட்சி. ராமநாதபுரம் கடலோரப் பெண்கள் முங்கி எடுக்கும் கஞ்சிப்பாசியும் ஒரு சிவப்புப் பாசிதான். அடுத்தமுறை அதைப் பார்த்தால் கொஞ்சம் மரியாதையோட பாருங்க.