அயர்லாந்து நடனமும் வட்டார சபைத் தேர்தலும்

நம் சங்கங்களில் டைரக்டர் தேர்தல் வரும்போதெல்லாம், வோட்டுரிமை யாருக்கு, யார் நிற்கலாம் என்ற கேள்விகள் எழுவதுண்டு. இதே கேள்விகளுக்கு ஒரு நடன ஸ்தாபனம் எவ்வாறு விடை கண்டது என்பதை இவ்விதழில் விளக்க முற்படுகிறோம். அது அயர்லாந்து தேசத்தது. 1889ஆம் ஆண்டில் ஹொரேஸ் பிளங்கெட் என்பார் லிமரிக் மாவட்டத்துச் சிற்றூரொன்றில் கூட்டுறவு வெண்ணெய் நிலையம் நிறுவத் துணைநின்ற நாடு அது என்பதைக் கூட்டுறவாளர் பலர் அறிவர்.

அழிந்துவந்த தாய்மொழியைக் காக்க 1893இல் டப்ளின் நகரில் கேலிக் லீக் என்னும் சங்கம் தோன்றியது. மொழியோடு நடனத்தையும் அது பேணியது. 1930ஐ ஒட்டி, நடனத்தை ஒழுங்குபடுத்தத் தனி ஆணைக்குழு ஒன்றை ஏற்படுத்திற்று. கைகளைப் பக்கவாட்டில் அசையாது வைத்து, உடலை நிமிர்த்தி, கால்களின் விரைவாலேயே ஆடுவது இந்நடனம். போட்டிதான் இதற்கு உயிர். ஆகவே ஆணைக்குழுவின் அதிகாரமெல்லாம் இறுதியில் போட்டியைச் சுற்றியே நிற்கிறது.

இந்தக் குழுவின் கீழ் வட்டார சபைகள் உள்ளன. அயர்லாந்தில் அல்ஸ்டர், மன்ஸ்டர், லென்ஸ்டர், கானாக்ட் என்ற நான்கு பழைய மாகாணங்களை ஒட்டி அவை அமைந்தன. கடல் கடந்து குடியேறியோர் நடனத்தையும் உடன் கொண்டு சென்றமையால் பிற நாடுகளிலும் வட்டாரங்கள் உண்டாயின. வட அமெரிக்காவில் 1964இல் தோன்றிய ஆசிரியர் சங்கத்தின் கீழ் ஏழு வட்டாரங்கள் இயங்குகின்றன. ஐக்கிய நாடுகளுக்கு ஐந்து, கனடாவுக்கு இரண்டு.

வட்டார சபைக்கு வருவோர் யார்? ஆணைக்குழுவின் பரீட்சையில் தேறி, பெயர் பதிவு செய்துகொண்ட ஆசிரியர்கள் தம் வட்டாரத்தில் கூட்டங் கூடித் தமக்குள்ளேயே நிர்வாகிகளைத் தேர்ந்தெடுக்கிறார்கள். நடுவராக விரும்புவோர் வேறொரு பரீட்சையும் தேற வேண்டும்; அவர்களிற் பலர் ஆசிரியர்களாகவும் இருப்பவர்களே. ஆடும் பிள்ளைகளுக்கும், உடைக்கும் காலணிக்கும் பயணத்துக்கும் செலவிடும் பெற்றோருக்கும் இத்தேர்தலில் வோட்டில்லை. இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். அங்கத்துவம் ஆளுக்குரியதே யன்றிப் பள்ளிக்குரியதன்று. எனவே சிற்றூரில் தனியே வகுப்பு நடத்தும் ஆசிரியைக்கு ஒரு வோட்டு. நான்கு ஆசிரியர்கள் உள்ள பெரிய பள்ளிக்கு நான்கு. ஒரே குடும்பத்தில் பலர் பங்கு வாங்கிய சங்கங்களை நிர்வகித்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது.

வட்டாரப் பதவி வெறும் கௌரவப் பதவியன்று. வட்டாரப் பெரும் போட்டியை ஏற்பாடு செய்வதும் அதற்கு நடுவர்களை அழைப்பதும் வட்டார நிர்வாகத்தைச் சேர்ந்த வேலைகள். 1970 முதல் நடந்துவரும் உலகப் போட்டிக்குப் போகும் வழி அவ்வட்டாரப் போட்டியே. ஒரு சிறுமி மேலே போவதும் ஊர் திரும்புவதும் அங்கே முடிவாகிறது. அவளது வெற்றி ஆசிரியரின் பெயரை உயர்த்தும், பெயர் உயர்ந்தால் மாணவரும் பெருகுவர், வருமானமும் பெருகும்.

இதனால் மனக்கசப்பு நேர்ந்தது வியப்பன்று. 1969இல் ஆணைக்குழுவோடு மாறுபட்ட ஆசிரியர் சிலர் பிரிந்து, ஆசிரியர் பேரவை என்று பொருள்படும் பெயரில் தனி அமைப்பையே கண்டனர். அவர்கள் பெயரே அவர்கள் வேண்டியது இன்னதென்று காட்டுகிறது. அதைவிடப் பெரிய புயல் 2022 அக்டோபரில் வீசியது. போட்டி முடிவுகள் குறித்து ஆசிரியர்களும் நடுவர்களும் முன்கூட்டியே தமக்குள் பேசிக்கொண்டனர் என்ற குற்றச்சாட்டை அயர்லாந்துப் பத்திரிகைகள் வெளியிட்டன. ஆணைக்குழு ஓய்வு பெற்ற மேல்முறையீட்டு நீதிபதி ஒருவரை நாட வேண்டியதாயிற்று. வெளியாள் எதற்கு? உள்ளே இருந்தவர்களில் ஆசிரியரோ நடுவரோ அல்லாதாரைக் காண்பது அரிது என்பதே நம் கருத்து.

நம் நெசவுச் சங்கத்தில் துணி வந்து சேரும்போது, அதைத் தரம் பார்ப்பவரே அத்துணியை நெய்தவராகவும் இருந்தால் எப்படியோ, அப்படியே இதுவும். தம் மாணவர்க்கும் உறவினர்க்கும் தாமே மதிப்பெண் இடலாகாது என்ற விதி அங்கே உண்டு. ஆனால் நீ என் மாணவனைக் கவனி, நான் உன் மாணவனைக் கவனிக்கிறேன் என்ற ஏற்பாட்டை அவ்விதி எட்டவில்லை. தொழில் தெரிந்தவர்களே தேர்ந்தெடுக்கவேண்டும் என்பதை நாம் மறுக்கவில்லை. காலசைவு அறியாதவர் நடனத்தை ஆள வந்தால் அதுவும் கேடே. ஆயினும் சபையில் ஓரிரு இடங்களையேனும் பெற்றோருக்கு ஒதுக்கி, நடுவரை அழைக்கும் பொறுப்பைப் போட்டியில் மாணவரை நிறுத்தும் ஆசிரியரிடமிருந்து பிரித்து வைத்தால், சந்தேகத்துக்கு இடம் வெகுவாகக் குறையும் என்றே நமக்குப் படுகிறது.