புது வியாபாரிகளும் அவர்களுடைய ஆசான்களும்

அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி ஆகிய ஊர்களில் சில வருஷங்களாக ஒரு புது வர்த்தகர் கூட்டம் தோன்றி வளர்ந்து வருகிறது. இவர்களுக்குக் கடை இல்லை, கல்லாப்பெட்டி இல்லை, வாசலில் பெயர்ப் பலகையும் இல்லை. கூடத்தில் ஒரு தையல் யந்திரம், அல்லது சமையற்கட்டில் ஒரு கிரைண்டர், கையில் ஒரு கைப்பேசி: இவ்வளவே இவர்களுடைய முதல். 2016-ல் யூ.பி.ஐ. முறை வந்தபின் பணம் வாங்குவது எளிதாயிற்று. 2020-ல் கொரோனா ஊரடங்கு வந்து சம்பளங்கள் நின்றபோது, அதுவரை வியாபாரத்தை நினைத்தும் பாராத குடும்பங்கள் கூட இணையத்தில் பொருள் விற்கத் துணிந்தன. அவற்றில் பல இன்றும் விற்று வருகின்றன.

இம்முயற்சியை நாம் மனமார வரவேற்கிறோம். உத்தியோகம் வரும் வரும் என்று காத்திராமல் சொந்தக் கையை நம்பிப் புறப்படும் ஒருவர், தம் குடும்பத்துக்கு மட்டுமன்றித் தேசத்துக்கும் உபகாரம் செய்கிறார். ஆயினும் நம்மைக் கவலைக்குள்ளாக்கும் விஷயம் ஒன்று உண்டு. இந்தப் புது வியாபாரிகளுக்குத் தொழில் கற்றுக் கொடுக்க முன்வந்திருப்பவர்கள் யார்?

கைப்பேசியைத் திறந்தால் போதும். மாதம் ஒரு லட்சம் சம்பாதிக்க வழி சொல்லுகிறேன் என்று யாரேனும் ஒருவர் எதிரே வந்து நிற்கிறார். முதல் வகுப்புக்கு அற்பத் தொகை, அல்லது ஒன்றுமே இல்லை. அந்த வகுப்பின் முடிவில், உண்மையான ரகசியங்கள் எல்லாம் அடுத்த வகுப்பில் இருப்பதாகத் தெரிய வரும். அதற்கோ பல ஆயிரம் ரூபாய். கையில் இல்லையென்றால் தவணை உண்டு. தாலிச் சங்கிலி நீங்கலாக இருந்த நகையை அடகு வைத்தும், சுய உதவிக் குழுவில் தொழிலுக்கென்று வாங்கிய கடனை எடுத்தும் இந்தக் கட்டணத்தைச் செலுத்தியவர்களைப் பற்றி நாம் கேள்விப்படுகிறோம். பட்டறை போடுவதற்கு முன்பே பட்டறைப் பணம் போய்விடுகிறது. ஆசானுடைய சொந்த வியாபாரம் என்ன என்று விசாரித்தால், வகுப்பு நடத்துவதுதான் அவருடைய வியாபாரம் என்பது பல சமயங்களில் வெளியாகிறது. எல்லாரையும் ஒரே தராசில் நிறுப்பது நமது நோக்கமன்று. யோக்கியமான ஆசிரியர்களும் உண்டு. ஆனால் அவர்கள் லட்சத்தைப் பற்றிப் பேசுவதில்லை. ஆகையால் அவர்கள் குரல் எடுபடுவதில்லை.

கற்க வேண்டியது என்ன என்பதை ஓர் உதாரணத்தால் விளக்குவோம். ஆவடியில் ஒரு பெண்மணி பருத்தி நைட்டி தைத்து 400 ரூபாய்க்கு இணையச் சந்தை ஒன்றின் மூலம் விற்பதாக வைத்துக் கொள்வோம். துணி, நூல், பொத்தான் 200 ரூபாய், சந்தைக்காரரின் கமிஷன் 30, அனுப்பும் கூலி 60, பொட்டலம் கட்ட 10, விளம்பரம் 30. மிச்சம் 70 ரூபாய். ஐந்து உருப்படி விற்றால் 350 ரூபாய் என்று அவர் மகிழ்வது இயல்பே. ஆனால் ஐந்தில் ஒன்று திரும்பி வருகிறது. அளவு சரியில்லை என்றோ, பொருள் வந்த சமயம் வீட்டில் பணம் இல்லை என்றோ வாங்கியவர் திருப்பி விடுகிறார். கமிஷன் திரும்பக் கிடைத்தாலும், போன கூலி 60, வந்த கூலி 70, பொட்டலம் 10, விளம்பரம் 30, ஆக 170 ரூபாய் நஷ்டம். நாலு உருப்படியின் லாபமாகிய 280-ல் இதைக் கழித்தால் 110 ரூபாய்தான் நிற்கும். திரும்பி வந்த நைட்டி கறைபட்டு வந்ததானால் அதன் 200 ரூபாயும் போய், கையிலிருந்து 90 ரூபாய் கட்ட வேண்டியதாகும். இதில் தையற்கூலிக்கு நாம் ஒரு காசும் போடவில்லை என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும்.

இந்தக் கணக்கில் ரகசியம் ஒன்றும் இல்லை. ஆனால் இதை அந்தப் பெண்மணியின் பக்கத்தில் உட்கார்ந்து, அவருடைய சொந்த ரசீதுகளைக் கொண்டு போட்டுக் காட்ட ஓர் ஆள் வேண்டும். ஆயிரம் பேருக்கு ஒரே சமயத்தில் திரையில் பேசுகிறவரால் இது ஆகாது.

நமது முன்னோர் இதை நன்கு அறிந்திருந்தனர். ரங்கூனிலும் பினாங்கிலும் கொடுக்கல் வாங்கல் நடத்திய நகரத்தார், ஒரு பையனை எடுத்தவுடன் கடைக்கு மேலாளாக அமர்த்திவிடவில்லை. அவன் முதலில் பெட்டியடிப் பையன், பிறகு அடுத்தாள், அதன் பிறகே மேலாள். கணக்கு எழுதுவதைப் பார்த்து, பிறகு தானே எழுதி, தவறி, திட்டு வாங்கித் தேறிய பின்னரே பெட்டியின் சாவி அவன் கைக்கு வந்தது. அந்த வட்டித் தொழிலின் குணதோஷங்களைப் பற்றி நமக்கு வேறு அபிப்பிராயம் உண்டு; பழக்கிய முறையைப் பற்றி மட்டுமே இங்கே பேசுகிறோம்.

இவ்வளவு தூரம் போவானேன்? அம்பத்தூரே கண்கண்ட சாட்சியாக நிற்கிறது. 1949-ல் டி.ஐ. சைக்கிள் தொழிற்சாலையும், அறுபதுகளின் தொடக்கத்தில் பாடியில் லூகாஸ் டி.வி.எஸ்., சுந்தரம் கிளேட்டன் முதலிய தொழிற்சாலைகளும், 1961-ல் ஆவடியில் டாங்கித் தொழிற்சாலையும் ஏற்பட்டன. காமராஜர், பக்தவத்சலம் மந்திரி சபைகளில் கைத்தொழில் மந்திரியாயிருந்த ஆர். வெங்கட்ராமன் காலத்தில், 1964-ல், அம்பத்தூர்த் தொழிற்பேட்டை தொடங்கிற்று. அங்கே ஒரு லேத்தும் ஒரு துளை யந்திரமும் வைத்துத் தொழில் தொடங்கிய சிறு முதலாளிகளுக்குப் பெரிய தொழிற்சாலைகள் வரைபடம் கொடுத்தன. அளவு பார்க்கக் கற்றுக் கொடுத்தன. தவறிய உருப்படியைத் திருப்பி அனுப்பி, ஏன் தவறியது என்றும் சொல்லின. திருப்பி அனுப்புவதை இன்றைய இணையச் சந்தையும் செய்கிறது. ஏன் என்று சொல்லத்தான் ஆள் இல்லை.

அதே வெங்கட்ராமனுடைய புதல்வி லட்சுமி வெங்கடேசன் 1992-ல் பாரதீய யுவ சக்தி டிரஸ்ட் என்ற ஸ்தாபனத்தை நிறுவினார். பிரிட்டனில் வாலிபர்களின் தொழிலுக்காக வேல்ஸ் இளவரசர் பெயரால் நடந்த டிரஸ்டே இதற்கு முன்மாதிரி. ஜே.ஆர்.டி. டாடா போன்ற தொழிலதிபர்கள் ஆதரவு தந்தனர். ஈடு காட்ட வகையற்ற வாலிபருக்குக் கடன் கிடைக்கச் செய்வதோடு, அவர் ஒவ்வொருவருக்கும் அனுபவஸ்தரான ஒருவரைத் தனித்தனியே துணை சேர்ப்பதே இதன் விசேஷம். துணை வருகிறவர் கூலி வாங்குவதில்லை. மாணவனின் வியாபாரம் கெட்டால் அவருக்கு வெட்கம், தழைத்தால் சந்தோஷம். சென்னையிலும் இந்த வேலை நடந்திருக்கிறது. ஆகவே நாம் புதிதாக ஒன்றைக் கண்டுபிடிக்க வேண்டிய அவசியமில்லை.

சர்க்கார் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்வது நியாயமாகாது. 2001-ல் ஏற்பட்ட தமிழ்நாட்டுத் தொழில்முனைவோர் மேம்பாட்டு நிறுவனம் இணைய விற்பனையைப் பற்றிக் குறுகிய காலப் பயிற்சிகள் நடத்துகிறது. திருவள்ளூர் மாவட்டத் தொழில் மையம் காக்களூரில் இருக்கிறது. சந்தைக்காரர்களின் பிடியைத் தளர்த்தும் நோக்கத்துடன் ஓ.என்.டி.சி. என்னும் திறந்த வலையமைப்பு 2021 டிசம்பரில் பதிவாயிற்று. 2022-ல் அதன் சோதனை தொடங்கிய ஐந்து நகரங்களில் நமது கோயம்புத்தூரும் ஒன்று. எல்லாம் நல்லதே. ஆனால் மூன்று நாள் பயிற்சி முடிந்து நாலாம் நாள் சந்தேகம் வந்தால் பூவிருந்தவல்லிக்காரர் யாரைக் கேட்பார்? சட்ட விஷயத்தையே எடுத்துக் கொள்ளுங்கள். முன்பு இணையச் சந்தையில் சரக்கு விற்பவர் எவ்வளவு சிறியவரானாலும் ஜி.எஸ்.டி. பதிவு செய்தாக வேண்டும். 2023 அக்டோபர் 1 முதல், தம் மாநிலத்துக்குள் மட்டும் விற்று, வரவும் வரம்புக்குள் இருப்பவர், ஒரு சேர்க்கை எண்ணைப் பெற்றுக்கொண்டு பதிவின்றியே விற்கலாம். ஊறுகாயும் பொடியும் செய்து விற்பவர் உணவுப் பாதுகாப்புப் பதிவு பெற வேண்டும். சிறு வியாபாரிக்கு அதன் கட்டணம் வருஷத்துக்கு 100 ரூபாய்தான். இந்த இரண்டு செய்திகளையும் கட்டண வகுப்பில் ரகசியமாக விற்கிறார்கள் என்றால் அது யாருடைய குற்றம்?

விலைக் குறைப்பு இதைவிடப் பெரிய ஆபத்து. 1906-ல் வ.உ. சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனியை நிறுவியபோது, வெள்ளையர் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக் குறைத்து அதை நசுக்கப் பார்த்தது தெரிந்த கதை. கம்பெனி 1911-ல் கலைந்தது. அடக்குமுறையும் அதற்கு ஒரு காரணம் என்பதை நாம் மறக்கவில்லை. ஆனால், முதல் உள்ளவன் நஷ்டத்துக்கு விற்கும்போது முதல் இல்லாதவன் கூடவே விலையைக் குறைத்தால் யார் முதலில் விழுவான் என்பதில் சந்தேகமில்லை. பண்டிகைத் தள்ளுபடியில் நீங்களும் சேருங்கள் என்று செயலியில் அழைப்பு வரும்போது, சேராதே என்று சொல்லும் துணிவு உள்ளவரே வழிகாட்டி. நம் அனுபவத்தில், விற்கச் சொல்லிக் கொடுப்போர் ஏராளம். எப்போது விற்கக் கூடாது என்று சொல்லிக் கொடுப்போர் அபூர்வம்.

அப்படிப்பட்டவர்கள் இந்த வட்டாரத்தில் இல்லாமலில்லை. ஆவடியில் 1961 முதல் ராணுவ உடைத் தொழிற்சாலை நடந்து வருகிறது. அதில் ஆயுள் முழுதும் தைத்து ஓய்வு பெற்றவர், ஒரு தையல் ஏன் பிரிகிறது என்பதைத் தொட்டுப் பார்த்தே சொல்லுவார். அம்பத்தூர்ப் பேட்டையில் அடக்க விலை போட்டுப் போட்டு நரைத்த முதலாளிகள் இருக்கிறார்கள். வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறார்கள். இவர்களுக்கு இன்ஸ்டாகிராம் தெரியாது என்பது உண்மை. அதை அந்தப் பெண்மணியின் மகளே இவர்களுக்குச் சொல்லிக் கொடுத்து விடுவாள்.

பேட்டை உற்பத்தியாளர் சங்கமான அய்மா இதை மேற்கொள்ளலாம் என்பது நமது யோசனை. மாதம் இரண்டு மாலை ஓர் அறையைத் திறந்து வைக்க வேண்டும். ஒரு வழிகாட்டிக்கு ஐந்து பேருக்கு மேல் கூடாது. ஒவ்வொருவரும் ரசீதுக் கட்டோடு வர வேண்டும். ஒரு வருஷமாவது தொடர வேண்டும். பழகப் பழகப் புது வியாபாரிகள் தங்களுக்குள்ளேயே ஒரு சங்கமாகச் சேர்ந்து துணியை மொத்தமாக எடுக்கவும், கூரியர்க்காரரிடம் கூலி பேசவும் வழி பிறக்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் பேட்டைக்குள் புகுந்தபோது யந்திரங்களும் சரக்கும் நீரில் மூழ்கின. சரக்கைத் தரையில் அடுக்காதே, இன்ஷ்யூரன்ஸ் செய்துகொள் என்ற புத்திமதியை அந்த முதலாளிகளைவிட நன்றாக யார் சொல்ல முடியும்?

கட்டண வகுப்புக்குப் பணம் கட்டி ஏமாந்தவர்கள் வெட்கப்பட்டு வீட்டில் இருந்துவிடக் கூடாது. பொய் விளம்பரத்துக்கு 2019-ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் பரிகாரம் உண்டு. 1915 என்ற எண்ணில் புகார் சொல்லலாம். இனிமேல் சேரப்போகிறவர்களோ, கட்டணத்தைக் கட்டுமுன், ஆசானுடைய கடையில் போன மாதம் விற்றது எத்தனை, திரும்பி வந்தது எத்தனை என்று இரண்டு கேள்விகளைக் கேட்டு, கணக்கைக் காட்டச் சொல்லட்டும்.

தீபாவளி வியாபாரத்துக்கு ஆடி மாதத்திலேயே துணி எடுத்தாக வேண்டும். சித்திரையில் அந்த அறையின் கதவைத் திறந்தால், இந்த வருஷமே எவ்வளவு துணி எடுக்கலாம் என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு அவர்கள் கடைக்குப் போகலாம்.