வாப்பாவின் வாட்ச் கையில் ஆடுகிறதா?



நம் ஊரில் பல வீடுகளின் பீரோவில் பழைய ஸ்டீல் வாட்ச் ஒன்று இருக்கும். சவூதி, துபாய், சிங்கப்பூர் என்று சபர் போன வாப்பாவோ பாட்டனாரோ வாங்கி வந்தது. பல வீடுகளில் அது சீக்கோ 5. ஜப்பானில் 1963-ல் வெளிவந்த இந்த வரிசையின் பெயரில் உள்ள 5, ஐந்து சிறப்புகளைக் குறிக்கும். கை அசைவிலேயே சாவி ஏறுவது, கிழமையும் தேதியும் ஒரே கட்டத்தில் தெரிவது, தண்ணீர் தாங்குவது, 4 மணிக்கு நேரே உள்ளடங்கிய திருகு, உறுதியான கூடும் செயினும். அந்த உறுதியான செயின்தான் இன்று பல கைகளில் தளர்ந்து ஆடுகிறது.

கடைக்குப் போனால், "பழைய செயினைக் கொடுத்துவிட்டுப் புதிது மாட்டுங்கள்" என்று சொல்லக்கூடும். அவசரப்பட வேண்டாம். தளர்ச்சி மூன்று வகைப்படும். எந்த வகை என்று தெரிந்துகொண்டால் பெரும்பாலும் சிறு செலவில் சரிசெய்துவிடலாம்.

1. செயின் நீளம் அதிகம்

முதலில் பூட்டின் பக்கவாட்டைப் பாருங்கள். சிறு துளைகள் வரிசையாக இருந்தால், அதில் உள்ள ஸ்பிரிங் கம்பியை உறுதியான ஊசி முனையால் அழுத்தி அடுத்த துளைக்கு மாற்றலாம். கம்பி தெறித்து ஓடும். தட்டில் துணி விரித்துச் செய்யுங்கள். அதுவும் போதாவிட்டால்தான் கண்ணிகளைக் கழற்ற வேண்டும். சில செயின்களின் உட்புறம் அம்புக்குறி இருக்கும். அந்தத் திசையில்தான் பின்னைத் தள்ள வேண்டும். மிகப் பழைய செயின்களில் பின்னே இருக்காது. தகட்டு மடிப்பைத் திறந்து கழற்ற வேண்டும். அதைப் பழகிய கையிடம் விடுவதே நல்லது. பூட்டின் இரு பக்கமும் சமமாகக் கழற்றினால் பூட்டு மணிக்கட்டின் நடுவில் நிற்கும். பூட்டுக்கு அடியில் சுண்டுவிரல் நுழையும் அளவே சரியான அளவு. வெயில் நேரத்தில் கை சற்று வீங்கும். அதற்கும் இடம் வேண்டும்.

2. கூட்டோடு சேரும் இடத்தில் ஆட்டம்

செயினைக் கூட்டோடு பிணைப்பது இரண்டு ஸ்பிரிங் கம்பிகள். அவை தேய்ந்தால் ஆட்டம் வரும். ஒருநாள் வாட்சே கழன்று விழும். இவை மலிவானவை. இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். துளை பெரிதாகியிருந்தால் சற்றுத் தடித்த கம்பி போடச் சொல்லலாம். கடைசிக் கண்ணியின் தகடு விரிந்திருந்தால் அதை மெதுவாக நெருக்கிக் கொடுப்பார்கள். காகிதமோ ஈயத்தாளோ திணித்து ஆட்டத்தை மறைக்க வேண்டாம்.

3. செயினே தேய்ந்து நீண்டது

வாட்சைப் பக்கவாட்டில் பிடித்துச் செயினை நீட்டிப் பாருங்கள். கயிறு போல் தொங்கினால் கண்ணிகளின் உள்ளே தேய்மானம் ஏறிவிட்டது. வியர்வை உப்பும் தூசியும் இடுக்கில் சேர்ந்து உப்புத்தாள் போல் அரைத்ததன் விளைவு இது. கண்ணியைக் குறைத்தால் நீளம் குறையும், தேய்மானம் போகாது. செயினைத் தனியே கழற்றி, சோப்பு கலந்த வெதுவெதுப்பான நீரில் பழைய பல்துலக்கியால் தேய்த்து நன்றாக உலர்த்துங்கள். மேற்கொண்டு தேய்வது குறையும். மிகவும் தொங்கினால் வேறு செயின்தான் வழி. தோல் பட்டை போடுவதானால் எந்தத் தோல் என்று கேளுங்கள். பன்றித் தோல் பதனிட்டாலும் தூய்மையாகாது.

ஒளுவும் வாட்சும்

தளர்கிறது என்று அதிகம் இறுக்கிவிடவும் கூடாது. ஒளுவில் முழங்கை வரை தண்ணீர் சேர்வது ஃபர்ளு. இறுகிய செயினுக்கு அடியில் தண்ணீர் சேராவிட்டால் ஒளு கூடாது. பழைய வாட்சைக் கழற்றிவிட்டு ஒளுச் செய்வதே மேல். அதன் ரப்பர் வளையங்கள் இறுகிப்போயிருக்கும். ஒரு காலத்தில் தண்ணீர் தாங்கியது இன்று தாங்காது. ஹவுளின் விளிம்பில் வைக்காமல் சட்டைப் பையில் வையுங்கள்.

யாருடைய வாட்ச்?

மர்ஹூமின் வாட்சும் அவர் விட்டுச் சென்ற சொத்தில் சேர்ந்ததே. சிறு பொருள்தானே என்று ஒருவர் எடுத்துக்கொள்வது வழக்கமாகிவிட்டது. வாரிசுகள் அனைவருக்கும் அதில் பங்கு உண்டு. தாயாருக்கும் சகோதரிகளுக்கும் உண்டு. அவர்கள் மனமொப்பி விட்டுக்கொடுத்த பிறகு அணியுங்கள். பருவமடையாத வாரிசு இருந்தால் அவருடைய பங்கை மற்றவர்கள் விட்டுக்கொடுக்க முடியாது. ஆலிமிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். வாட்சைப் பழுது பார்க்கக் கொடுக்கும் முன்பே இதைப் பேசிவிடுவது நல்லது. ஒரு வாட்சுக்காக உடன்பிறந்தவர்கள் மனம் கசந்துவிடக் கூடாது.

கழற்றிய கண்ணிகளையும் பழைய செயினையும் கடையிலேயே விட்டுவிடாதீர்கள். கேட்டு வாங்கி, ஓர் உறையில் போட்டு, எந்த வாட்சுடையது என்று எழுதி வையுங்கள். நாளை பேரனின் கை பெரிதாக இருந்தால் அவை மீண்டும் தேவைப்படும். அந்தப் பழைய மாடலுக்கு அதே கண்ணி கிடைப்பது அரிது.

அல்லாஹ் நம் பொருளிலும் நேரத்திலும் பரக்கத் செய்வானாக. ஆமீன்.

– செயலாளர்