மழைக்கு முன் மாடி ஏறுவோம்

வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்பது வியாபாரிக்குத் தெரியாத பாடம் அல்ல. தீபாவளிச் சரக்கை ஆவணியிலேயே பேசி முடிக்கிறோம். ஆனால் அந்தச் சரக்குக்கு மேலேயிருக்கும் தளத்தை, ஐப்பசியில் ஒழுகிய பிறகுதான் நிமிர்ந்து பார்க்கிறோம். நம்மில் பலருக்குக் கீழே கடை, மேலே வீடு. மாடி ஒழுகினால் குடும்பமும் நனையும், முதலும் நனையும்.

எங்களுக்கு இந்தப் பாடம் 2015 நவம்பர் மழையில் கிடைத்தது. குடோன் தளத்தில் ஒரே இரவில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றுவிட்டது. காலையில் பார்த்தால் 11 மூட்டை துவரம்பருப்பு ஊறிக் கிடந்தது. தண்ணீர் இறங்கும் குழாயின் வாயை ஒரு பாலிதீன் பை அடைத்திருந்தது. அது எங்கள் கடையில் சாமான் கட்டிக் கொடுத்த பைதான்! துடைப்பத்தோடு அரை மணி நேரம் செலவிட்டிருந்தால் அந்தச் சரக்கு தப்பியிருக்கும்.

பெய்கிற மழையைவிடத் தேங்குகிற தண்ணீரே தளத்துக்குப் பகை. சித்திரை வெயிலில் தளம் விரிகிறது, இரவில் சுருங்குகிறது. இப்படி ஆண்டுதோறும் நடப்பதால் மயிரிழை போல வெடிப்பு விழுகிறது. தேங்கிய தண்ணீர் அதன் வழியே இறங்கி உள்ளிருக்கும் கம்பியைத் தொடுகிறது. துருப்பிடித்த கம்பி பருத்து, காரையைப் பெயர்த்துத் தள்ளுகிறது. கூரையில் ஓதம் தெரிந்தவுடன் சுண்ணாம்பு அடித்து மறைப்பது, வராத பாக்கியை வரவில் எழுதுவதற்குச் சமம்.

ஆடி, ஆவணியில் நல்ல வெயில் நாளாகப் பார்த்து மாடி ஏறுங்கள். குப்பையைக் கூட்டி அள்ளிவிட்டு, சில குடம் தண்ணீர் ஊற்றுங்கள். குட்டை கட்டும் இடங்களைச் சுற்றிச் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போடுங்கள். பத்து அடிக்கு ஒன்றரை முதல் இரண்டு அங்குலம் வரை வாட்டம் இருந்தால் தண்ணீர் நிற்காது. குறைந்த இடத்தைக் கொத்தனாரிடம் காட்டிச் சரி செய்யுங்கள். தட்டோட்டின் இடுக்குகளையும், கைப்பிடிச் சுவர் தளத்தோடு சேரும் மூலையையும் தவறாமல் பாருங்கள். பெரும்பாலான கசிவு அங்கேதான் தொடங்குகிறது. பல பூச்சுகளைத் தளம் காய்ந்த பிறகே பூச வேண்டும். அவற்றை ஈரத்தின் மேல் பூசினால் உரிந்து வந்துவிடும்.

சுவரில் முளைத்த அரசங்கன்றை ஒடித்தால் போதாது. வேரோடு எடுக்க வேண்டும். தகரக் கொட்டகையானால் ஆணிகளையும் வாஷர்களையும் சோதித்து, கெட்டதை மாற்றுங்கள்.

குழாய் நான்கு அங்குலமாவது இருக்கட்டும்; வாயில் கம்பி வலை வையுங்கள். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அப்படிப்பட்ட மழையில் அடைபட்ட குழாய் மாடியையே குளமாக்கிவிடும்.

இவ்வளவு செய்தாலும், மூட்டைகளைத் தரையில் வைக்காமல் மரச்சட்டத்தின் மேல், சுவரை விட்டு ஒரு முழம் தள்ளி அடுக்குவதே நல்லது.

ஆண்டுக்கொரு முறை கணக்கு முடிக்கிறோம். அதுபோல ஆண்டுக்கொரு முறை மாடிப்படியும் ஏறுவோம். மிச்சமாகும் சரக்கும் லாபம்தான்.