மங்கிய ஒளியும் மங்காத நஞ்சும்

பழைய கைக்கடிகாரங்களைத் தேடிச் சேர்ப்பதும், ஓடாது நின்றவற்றைச் செப்பனிட்டு ஓட வைப்பதும் பலருக்கு இனிய பொழுதுபோக்காகும். பாட்டனார் கட்டியிருந்த கடிகாரம் மீண்டும் ஓடக் கேட்பது தனி மகிழ்ச்சியே. ஆயினும், அதைத் திறக்குமுன் ஒன்றை அறிந்துகொள்ளுதல் நன்று.

இருளிலும் மணி பார்ப்பதற்காக முன்னாளில் முட்களிலும் எண்களிலும் ஒருவகைப் பூச்சைப் பூசினர். துத்தநாக சல்பைடுடன் மிகச் சிறிதளவு ரேடியத்தைக் கலந்து செய்தது அது. ரேடியம் இடையறாது கதிர் வீசும். அக்கதிர் பட்டுத் துத்தநாக சல்பைடு ஒளிரும். 1898-இல் கியூரி தம்பதியர் கண்டறிந்த ரேடியம், 20 ஆண்டுகளுக்குள் போர்வீரர் கைகளில் ஏறிவிட்டது.

அதன் தீமையை உலகம் அறிந்த வரலாறு துயரமானது. அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநிலத்து ஆரஞ்சு நகரில் இளம்பெண்கள் எண் தட்டுகளுக்கு இப்பூச்சைப் பூசினர். தூரிகை முனையை உதடுகளால் கூராக்கும்படி அவர்களுக்குச் சொல்லித் தரப்பட்டது. உட்சென்ற ரேடியம், சுண்ணாம்புச் சத்தைப் போலவே எலும்பில் போய்த் தங்கியது. தாடை எலும்புகள் சிதைந்தன, பலர் மாண்டனர். வழக்குத் தொடுத்த 5 பெண்களுக்கு 1928-இல் இழப்பீடு கிடைத்தது.

"என் பழைய கடிகாரம் இப்போது ஒளிர்வதில்லையே, ரேடியம் தீர்ந்திருக்குமன்றோ?" எனச் சிலர் வினவலாம். அன்று. தேய்ந்தது துத்தநாக சல்பைடின் ஒளிரும் ஆற்றலே. ரேடியம் பாதியாகக் குறைய ஏறக்குறைய 1,600 ஆண்டுகள் ஆகும். ஆகவே, ஒளியில்லை என்பதால் தீங்குமில்லை என்று கொள்வது பிழை.

மூடிய கடிகாரத்தில் ஆல்பாக் கதிர்களைக் கண்ணாடியும் உறையும் தடுத்துவிடும். திறந்து சுரண்டும்போதுதான் பேரிடர். உதிரும் தூள் மூச்சு வழியே உடலுள் புகும். மேலும், ரேடியத்திலிருந்து ரேடான் என்னும் வாயு பிறப்பதால், இத்தகைய கடிகாரங்கள் பலவற்றைக் காற்றோட்டமில்லா அறையில் வைத்தலும் ஆகாது.

1960-களில் ரேடியத்தின் இடத்தை டிரிட்டியம் பிடித்தது. அது பாதியாகக் குறைய ஏறத்தாழ 12 ஆண்டுகளே போதும். எண் தட்டின் அடியில் காணும் 'டி' என்னும் ஆங்கில எழுத்து பெரும்பாலும் அதனையே குறிக்கும். 1990-கள் முதல் கதிர்வீச்சற்ற பூச்சுகள் பரவின.

எனவே, பழைய பூச்சைச் சுரண்டிப் புதுப்பிக்க விழையாதீர்கள். திறக்க வேண்டுமாயின், ரேடியத்தைக் கையாளும் முறை அறிந்தவரிடமே கொடுங்கள். வகுப்பில் காட்ட விரும்பும் ஆசிரியர்களும் மூடியது மூடியபடியே காட்டி, அப்பெண்களின் கதையையும் மாணவர்க்குச் சொல்வார்களாக.