தோளோடு தோள் நிற்கும் பாடம்

மூன்று பேர் ஒரே வரிசையாக நடந்து வருகிறார்கள். வலப்பக்கம் வளைந்து திரும்பக் கட்டளை வருகிறது. உள்பக்கத்து மாணவர் அடியைச் சுருக்க வேண்டும். வெளிப்பக்கத்து மாணவர் எட்டி வைக்க வேண்டும். இருவரும் ஒரே அளவில் நடந்தால் வரிசை கோணிவிடும். நம் பள்ளி மைதானங்களில் நடக்கும் என்.சி.சி. பரேடில் இது ஆரம்பப் பயிற்சி. பக்கத்தில் இருப்பவரைக் கவனித்து நம் வேகத்தைத் திருத்திக்கொள்ளும் பழக்கம் இங்கே காலில் தொடங்குகிறது.

ஹிருதயநாத் குன்ஸ்ரு குழுவின் பரிந்துரைப்படி, 1948-ல் சட்டம் இயற்றித் தொடங்கப்பட்டது என்.சி.சி. எனப்படும் தேசிய மாணவர் படை. மறு ஆண்டே மாணவியர் பிரிவும் வந்தது. 1962 சீனப் போருக்குப் பின், 1963-ல் இந்தப் பயிற்சி கட்டாயமாக்கப்பட்டது; 1968-ல் மீண்டும் விருப்பப் பயிற்சியானது. அது நல்ல முடிவு. தானாக முன்வருபவரிடம்தான் ஒத்துழைப்பு வேர்பிடிக்கும்.

முகாமுக்குப் போய்ப் பாருங்கள். கூடாரம் அடிக்கும்போது ஒருவர் கம்பத்தைப் பிடிக்க, இருவர் கயிற்றை இழுக்க, இன்னொருவர் முளை அடிக்கிறார். ஒரு கயிறு தளர்ந்தாலும் துணி தொய்ந்துவிடும். வரைபடப் பயிற்சியில் ஒருவர் திசைகாட்டியைப் பார்க்க, மற்றொருவர் அடிகளை எண்ணுகிறார். ஒருவர் கணக்கை மற்றவர் நம்பாமல் குழு இலக்கைச் சேர முடியாது. பல மாநிலத்தவர் கூடும் முகாம்களில் மொழி தெரியாதவரோடும் இதே வேலையைச் செய்தாக வேண்டும்.

இப்படிப் பழகியவர்கள் நெருக்கடியில் கைகொடுக்கிறார்கள். 2020 கொரோனா ஊரடங்கின்போது, 'யோக்தான்' என்ற பெயரில் மூத்த மாணவர்கள் தன்னார்வலர்களாக இறங்கி, நிவாரணப் பொருள் விநியோகத்திலும் போக்குவரத்தைச் சீர்செய்வதிலும் உதவினார்கள்.

ஆனால் வெறும் கீழ்ப்படிதல் ஒத்துழைப்பு ஆகிவிடாது. தவறு செய்தவரை மைதானத்தைச் சுற்றி ஓடவிடுவதோடு பயிற்சி முடிந்தால், பிள்ளைகளுக்குப் பயம்தான் மிஞ்சும். கட்டளையிடும் பொறுப்பு எல்லோருக்கும் முறைவைத்துக் கிடைக்க வேண்டும். பின்தங்குபவரைக் கைதூக்கிவிடும் வேலையைக் குழுவிடமே ஒப்படைக்க வேண்டும்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. என்.சி.சி.யில் பெறும் 'சி' சான்றிதழ் ராணுவ அதிகாரி தேர்வுக்கு உதவும், அது நல்லதே. அதற்காக மட்டும் பிள்ளையை அனுப்பாதீர்கள். படிப்பு கெடும் என்று தடுக்கவும் செய்யாதீர்கள். நாளை எந்த வேலைக்குப் போனாலும் நான்கு பேரோடு சேர்ந்து உழைக்கத் தெரிந்த பிள்ளைதான் நிலைத்து நிற்கும்.